பழைய டிண்ட் தாளை உரிப்பதும் ஒரு தொழில்தான்



இந்த வாரம் வாகனக் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் பழைய டிண்ட் தாளைப் பற்றி எழுதுகிறேன். "இதில் எழுத என்ன காக்கா இருக்கிறது? பிடித்து இழுத்தால் வந்துவிடும்தானே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இழுத்தவர்கள்தான் பிறகு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன் என்ற வகையில் அவர்களில் பலர் என்னிடமும் வருகிறார்கள். அதனால்தான் இந்த விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியில் ஓடும் வேன்களையும் கார்களையும் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பின் கண்ணாடி கத்தரிப்பூ நிறத்தில் மாறிப்போன வாகனம் எத்தனை? அம்மைக் கொப்புளம் போலக் குமிழ் குமிழாக எழும்பிய கண்ணாடி எத்தனை? ஓரத்தில் கிழிந்து, அதன் மேல் செலோடேப் ஒட்டியதைக்கூடக் கண்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு காரணம் நமது வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையோரம் நிறுத்திய வாகனத்துக்குள் கை வைக்க முடியாது. மற்றக் காரணம் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஏறத்தாழ ஐந்து வருடம். நாலைந்து வருடத்தில் கைமாற்றி விடலாம் என்று வாங்கிய வாகனங்களைச் சனங்கள் வைத்தே ஓட்டினார்கள். வாகனத்துக்கு வயது போனது, அதிலிருந்த டிண்ட் தாளுக்கும் வயது போனது. இப்போது விற்க நினைப்பவர் வாகனத்தைக் கழுவி, பொலிஷ் போட்டு நிறுத்துகிறார். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அந்த ஊதாக் கண்ணாடியைத்தான். "கண்ணாடியையே இப்படி வைத்திருப்பவர் எஞ்சினை எப்படி வைத்திருப்பார்?" என்று மனதுக்குள் கணக்குப் போட்டு விலையைக் குறைக்கிறார். எஞ்சின் நன்றாகவே இருக்கலாம். ஆனால் பேரம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆகவே பழைய தாளைச் சேதமில்லாமல் உரித்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவருக்கு நமது ஊர்களில் வேலை இருக்கிறது. பெரிய முதலீடு தேவையில்லாத வேலை. ஆனால் தெரியாமல் கை வைத்தால் கூலியைப் போலப் பல மடங்கு நட்டத்தைக் கொண்டுவந்து விடும் வேலை.

தாள் என்று நாம் சொன்னாலும் அது தாள் அல்ல. பொலியெஸ்டர் என்ற மெல்லிய பிளாஸ்டிக். குளிர்பானப் போத்தல் செய்யும் அதே இனம். அதன் ஒரு பக்கத்தில் பசை, மறுபக்கத்தில் கீறல் விழாமலிருக்க ஒரு கடினமான பூச்சு. பெரும்பாலான தாள்களில் இரண்டு பிளாஸ்டிக் படைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி, நடுவில் சாயத்தை அல்லது உலோகப் பூச்சை வைத்திருப்பார்கள். ஒட்டுவது எப்போதும் கண்ணாடியின் உட்பக்கம். இந்த இரண்டு படை விடயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊதா நிறம் ஏன் வருகிறது? மலிவான தாளில் கறுப்புக்கென்று தனிச் சாயம் இல்லை. சில நிறச் சாயங்களைக் கலந்துதான் அந்தக் கறுப்பை எடுக்கிறார்கள். வெயிலில் எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. மஞ்சள் பக்கத்துச் சாயம் முதலில் போய்விட்டால், மிஞ்சும் சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதாவாகத் தெரியும். சாரத்தின் சாயம் வெளுப்பதைப் பார்த்த மருதமுனைக் காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உலோகப் பூச்சோ செரமிக் துகளோ கலந்த விலை கூடிய தாள் இப்படி ஊதாவாக மாறுவதில்லை. குமிழ் எழும்புவது வேறு நோய். அது பசையின் பிடி விட்டுப்போன இடம். சூட்டில் பசை கெட்டு, தாள் கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கிறது. அந்தக் கண்ணாடியால் இரவில் பின்னால் பார்த்தால் ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கு மூன்றாகத் தெரியும். பின்னோக்கி எடுக்கும்போது சின்னப் பிள்ளை நின்றாலும் தெரியாது. விலை குறைவதைவிட இது பெரிய விடயம்.

முதலில் அது தாள்தானா என்று பாருங்கள்

ஜப்பானிலிருந்து வரும் வேன்களிலும் ஜீப்புகளிலும் பின்பக்கக் கண்ணாடிகள் கறுப்பாக இருக்கும், முன் கதவுக் கண்ணாடிகள் வெளுப்பாக இருக்கும். அந்த நாட்டுச் சட்டப்படி முன் கண்ணாடியும் முன் கதவுக் கண்ணாடிகளும் வெளிச்சத்தில் 70 வீதத்தையாவது உள்ளே விட வேண்டும். பின்பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் கம்பனியிலேயே பின் கண்ணாடியை நிறம் கலந்து வார்த்து விடுகிறார்கள். அந்தக் கறுப்பு கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. அதை உரிக்க முடியாது. ஆனால் அதையும் பிளேட்டால் சுரண்டிக் கீறல் போட்ட புண்ணியவான்கள் நமது பகுதியில் இருக்கிறார்கள்.

பார்க்கும் முறை லேசானது. கதவுக் கண்ணாடியை, அதாவது ஷட்டரை, பாதி இறக்குங்கள். மேல் விளிம்பை நகத்தால் தடவுங்கள். தாள் என்றால் விளிம்புக்கு ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் கீழே ஒரு சின்னப் படி நகத்தில் தட்டும். நிறக் கண்ணாடி என்றால் எதுவும் தட்டாது, விளிம்பு வரை ஒரே நிறம். இறங்காத பின் கண்ணாடியில் மூலையைப் பாருங்கள், அங்கேதான் தாள் முதலில் எழும்பும். சிலவற்றில் நிறக் கண்ணாடிக்கு மேலேயும் தாள் ஒட்டியிருப்பார்கள். அப்படியானால் உரித்த பிறகும் கண்ணாடி கறுப்பாகத்தான் இருக்கும். இதை வேலை தொடங்குவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் "முழுசாக உரிக்கவில்லை" என்று நிற்பார்.

கண்ணாடி நிறம் வேறு, ஒட்டிய தாள் வேறு என்ற இந்த வித்தியாசம் இந்தியாவில் ஒரு பெரிய வழக்குக்கே அடிப்படையாக இருந்தது. அவிஷேக் கோயங்கா என்பவர் பொதுநல வழக்கொன்றைப் போட்டார். கறுப்புக் கண்ணாடி வாகனங்கள் குற்றச் செயல்களுக்கு வசதியாக இருக்கின்றன என்பது அவருடைய வாதம். 2012 ஏப்ரல் 27ஆம் திகதி, தலைமை நீதியரசர் எஸ்.எச். கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்திய மோட்டார் வாகன விதி 100இன்படி முன், பின் கண்ணாடிகள் 70 வீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 வீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். அந்த அளவு கண்ணாடி தயாரிக்கப்படும்போதே இருக்க வேண்டியது. கம்பனி நிறம் கலந்து செய்த கண்ணாடி அந்த அளவுக்குள் இருந்தால் சரி. ஆனால் அதன் மேல் எந்த வீதத்திலான தாளையும் ஒட்டக்கூடாது என்பதே தீர்ப்பு. நடைமுறைக்கு வந்தது 2012 மே 4ஆம் திகதி.

திகதிகளைக் கவனியுங்கள். இடையில் ஒரே ஒரு வாரம்! சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாகன அலங்காரப் பொருள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படியான கடையொன்றில் சுருள் சுருளாக டிண்ட் தாளை வாங்கி அடுக்கி வைத்திருந்த ஒரு வியாபாரியின் நிலையை யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சரக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை குப்பை. பொலிஸார் வீதியில் வாகனங்களை மறித்து அபராதம் எழுதுவதும், தாளை அந்த இடத்திலேயே உரிப்பதும் அப்போது பத்திரிகைகளில் படமாக வந்தன. ஒட்டுவதற்குக் காசு கொடுத்த அதே வாகனக்காரர் உரிப்பதற்கு ஆள் தேடினார். பசை இளகாமல் அவசரத்தில் கிழித்தால் என்ன நடக்கும் என்பதை நான் கீழே சொல்லும் விபரங்களை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தாள் உற்பத்தியாளர்கள் மறுபடி நீதிமன்றம் போயும் அந்த வருடம் ஓகஸ்டில் தீர்ப்பு மாறவில்லை. பிறகு விதியைத் திருத்தினார்கள். திருத்திய விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறித்த தரத்தில், குறித்த அளவு வெளிச்சத்தை விடும் தாளுக்கு அந்தத் திருத்தத்தின் கீழ் இடமுண்டு என்று 2024 செப்டெம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரே பொருள் பன்னிரண்டு வருடத்துக்குள் எத்தனை தடவை கைவிடப்பட்டு, கையில் எடுக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். ஒட்டும் தொழில் மட்டும் தெரிந்தவர் ஒவ்வொரு தடவையும் ஆடிப்போனார். உரிக்கவும் ஒட்டவும் தெரிந்தவருக்கு இரண்டு காலத்திலும் வேலை இருந்தது.

நமக்கும் இது முழுக்கப் புதிது அல்ல. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியை நெருங்கும்போது ஷட்டரை இறக்கி, உள் விளக்கைப் போட்டு, மெதுவாக உருட்டிப் போன பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் கையில் இருக்கிறது. அந்நாட்களில் கறுப்புத் தாளை வைத்துக்கொண்டு இரவில் ஓடுவதென்றால் வீட்டுக்காரிக்கு நித்திரை வராது. இன்றைக்கும் புதுத் தாள் ஒட்டப் போகிறவர்கள் எந்தக் கண்ணாடிக்கு எவ்வளவு என்று பொலிஸ் போக்குவரத்துப் பிரிவில் கேட்டுவிட்டு ஒட்டுவது நல்லது.

வேலைக்கு வருவோம்

இந்த வேலையின் முழு ரகசியமும் பசையை இளக்குவதில் இருக்கிறது. பசை இளகினால் இரண்டு படைகளும் பசையும் ஒன்றாக, ஒரே தோலாக வரும். இளகாமல் இழுத்தால் மேல் படை மட்டும் கையோடு வரும், கீழ் படையும் பசையும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு அரை நாள் சுரண்டல்தான்.

சூடு கொடுக்க நம்மிடம் மூன்று வழி. முதலாவது வெயில், அது இலவசம். காலை பத்து மணி போல, வேலை செய்ய வேண்டிய கண்ணாடி சூரியனைப் பார்க்கும்படி வாகனத்தை நிறுத்தி, எல்லா ஷட்டரையும் ஏற்றி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். பாதி வேலை முடிந்தது. இரண்டாவது நீராவி. தையல் கடைகளில் உடுப்புக்குப் பிடிக்கும் கையடக்க ஸ்டீமர் இப்போது எங்கும் கிடைக்கிறது, அது போதும். மூன்றாவது ஹீட் கன். என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்டீமரைத்தான் சொல்வேன். நீராவியின் சூடு நூறு பாகையோடு நின்றுவிடும். ஹீட் கன் பல நூறு பாகைக்குப் போகும். ஒரே இடத்தில் கொஞ்சம் கூட நேரம் பிடித்தால் ரப்பர் உருகும், கதவு உள் பிளாஸ்டிக் வளையும், கண்ணாடியே வெடிக்கவும் கூடும். பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் சூட்டில் பதப்படுத்திய இனம். அவை கீறி உடைவதில்லை, உடைந்தால் ஒரே நொடியில் கற்கண்டு போல நொறுங்கிக் கொட்டும். சூடேறிய கண்ணாடியில் குளிர் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஹீட் கன்னே இருக்கிறது என்றால் ஒரு சாண் தூரத்தில், ஓயாமல் அசைத்துக்கொண்டே பிடியுங்கள். ஹெயார் டிரையர் ஆபத்தில்லை, ஆனால் பொறுமை வேண்டும்.

கதவுக் கண்ணாடிதான் லேசு. தொடங்குவதற்கு முன் கதவின் உட்பக்கத்துக்குப் பழைய துவாயைப் போட்டு மூடுங்கள். அங்கேதான் ஷட்டர் சுவிட்சுகள் இருக்கின்றன, தண்ணீர் இறங்கினால் அதற்கு வேறு செலவு. ஷட்டரை மூன்று அங்குலம் இறக்கி, மேல் விளிம்பில் ஒரு மூலைக்குச் சூடு கொடுங்கள். புது பிளேட் ஒன்றின் நுனியால் தாளை மட்டும் கொஞ்சம் கிளப்பி, இரண்டு விரலால் பிடிக்கும் அளவுக்கு எடுத்து, விளிம்பு நெடுகக் கீழே மடியுங்கள். பிறகு ஷட்டரை முழுதாக ஏற்றி, ஒரு கையால் ஸ்டீமரைப் பிடித்தபடி மறு கையால் கீழ் நோக்கி இழுங்கள். இழுக்கும் தாள் கண்ணாடியோடு ஒட்டினாற்போல மடிந்து வரவேண்டும், உங்கள் முகத்தை நோக்கி வரக்கூடாது. வேகம் வேண்டாம். பலாப்பழத்துச் சுளையில் சடை எடுப்பது போல நிதானமாக. நீராவி முன்னே போக, கை பின்னே போக வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு கண்ணாடிக்கு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். அடியில் ரப்பருக்குள் இறங்கியிருக்கும் துண்டைப் பிளாஸ்டிக் அட்டையொன்றால் கிளப்பி எடுங்கள்.

மிஞ்சிய பசைக்குச் சவர்க்காரத் தண்ணீரை ஸ்பிரே போத்தலால் தாராளமாக அடித்து, அதன் மேல் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டி, தாளையும் நனைத்து, கால் மணித்தியாலம் ஊற விடுங்கள். பிறகு பிளேட். கதவுக் கண்ணாடிக்கு மட்டும்தான் இந்தப் பிளேட் என்பதை மறக்க வேண்டாம். கண்ணாடி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். பிளேட் முன்னோக்கி மட்டும் போக வேண்டும், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இழுக்கும்போதுதான் அதற்கடியில் அகப்பட்ட மணல் கீறுகிறது. கடற்கரை ஊரில் மணல் இல்லாத வாகனம் எது? ஒரு கண்ணாடிக்கு ஒரு பிளேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டில் மிச்சம் பிடித்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

பின் கண்ணாடிதான் சோதனை. அதில் குறுக்காக ஓடும் செம்பழுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரம் அல்ல. வெள்ளி கலந்த குழம்பைக் கண்ணாடியின் உட்பக்கத்தில் அச்சடித்து, சூளைச் சூட்டில் பதித்த மின்கோடுகள். டிமிஸ்டர் சுவிட்சைப் போட்டால் அவை சூடாகிக் கண்ணாடியில் படியும் ஈரப் புகையை நீக்கும். சில வாகனங்களில் ரேடியோ ஏரியலும் அதே கண்ணாடியில்தான் இருக்கிறது. தாள் ஒட்டியிருப்பது இந்தக் கோடுகளுக்கு மேல். குளிரில் இழுத்தால் பசை கோட்டையும் சேர்த்துத் தூக்கும். பிளேட் வைத்தால் கோடு ஒரு நொடியில் அறுந்துபோகும்.

நமக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பக்கத்து ஊரில் இந்த வேலையைத் தொடங்கினார். கெட்டிக்காரப் பொடியன், கை சுத்தம். கதவுக் கண்ணாடிகளைப் பிளேட்டால் பளிங்கு போல ஆக்கிக் கொடுத்து நல்ல பெயர் எடுத்தார். அந்தத் தைரியத்தில் ஒரு வேனின் பின் கண்ணாடியையும் அதே பிளேட்டால் சுத்தப்படுத்தினார். வேன்காரர் சந்தோசமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். மாரி பிடித்தது. பண்டாரவளைப் பக்கம் ஹயர் போனவர் கண்ணாடி முழுக்கப் புகை படிந்து டிமிஸ்டரைப் போட்டார், ஒரு கோடு கூட வேலை செய்யவில்லை. திரும்பி வந்து கடை வாசலில் நின்றார்.

"தம்பி, என்ட கண்ணாடியை என்ன செஞ்ச?"

"நான் தாளைத்தான் காக்கா உரிச்சன். கோடு முந்தியே பழுதாக இருந்திருக்கும்."

"முந்தி வேலை செஞ்சது."

"அதை நான் பார்க்கலியே காக்கா."

இந்தக் கடைசி வசனத்தில்தான் வழக்கே இருக்கிறது. இரண்டு பேரும் உண்மை பேசுகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் அத்தாட்சி இல்லை. இறக்குமதி மூடிக் கிடந்த காலம் அது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்துப் பழைய கண்ணாடியொன்றை எடுத்துப் பூட்ட வேண்டி வந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் இருந்து கதைத்து, பாதிக்குப் பாதி என்று முடித்து வைத்தார்கள். தம்பிக்கு அந்த மாதம் உழைத்தது அதிலேயே போனது.

இங்கே ஒரு கணக்கு. உதாரணத்துக்கு ஒரு பின் கண்ணாடி உரிக்க மூவாயிரம் ரூபா வாங்குகிறீர்கள் என்று வைப்போம். கண்ணாடி மாற்ற அறுபதாயிரம் போகும் என்று வைப்போம். ஒரு கண்ணாடி பிழைத்தால் இருபது வேலையின் முழுக் கூலியும் போகிறது. இலாபம் அல்ல, முழுக் கூலி. ஆகவே பின் கண்ணாடிக்குக் கதவுக் கண்ணாடியின் விலையைச் சொல்வது வியாபாரம் ஆகாது. நேரமும் அப்படித்தான், இரண்டு பேர் இரண்டு, மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டிய வேலை.

வேலை தொடங்குவதற்கு முன் வாடிக்கையாளரை அருகில் வைத்துக்கொண்டு டிமிஸ்டரைப் போடுங்கள். கண்ணாடியில் ஈரத் துணியால் தடவிவிட்டால் எந்தக் கோடு சூடாகிறது, எது ஆகவில்லை என்பது ஈரம் காய்வதிலேயே தெரியும். சோதனை விளக்கோ மீற்றரோ இருந்தால் இன்னும் நல்லது. வேலை செய்யாத கோடு எத்தனை என்று பில்லில் எழுதி அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். கண்ணாடியில் ஏற்கெனவே இருக்கும் கீறலையும் கல் பட்ட புள்ளியையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு பழைய தாளில் ஓரிரு கோடு போகச் சாத்தியம் இருக்கிறது, சம்மதமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். போகட்டும்.

பின் கண்ணாடியை உரிக்கும் முறை இதுதான். பின் சீற்றுக்கு மேலுள்ள பலகையில் ஸ்பீக்கர் இருக்கும், அதைப் பொலித்தீனால் மூடுங்கள். பெரிய கறுப்புக் குப்பைப் பேக் ஒன்றை வெட்டி விரித்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சவர்க்காரத் தண்ணீர் அடித்து அதன் மேல் படிய வையுங்கள். கண்ணாடியின் அளவுக்கு வெட்டி எடுத்தால் உங்களுக்கு அளவான கறுப்புத் துண்டு ஒன்று கிடைக்கும். உள்ளே தாளின் மேல் சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, அந்தத் துண்டை அங்கே ஒட்டுங்கள். கறுப்பு சூட்டை இழுக்கும், ஈரம் உள்ளே அடைபட்டு வேகும். நல்ல வெயிலில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பிறகு ஒருவர் வெளியே நின்று நீராவி பிடிக்க, மற்றவர் உள்ளே இருந்து, ஒரு பக்க ஓரத்திலிருந்து கோடுகள் ஓடும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். மேலிருந்து கீழாக இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் தாள் தட்டும். எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்தி இன்னும் சூடு கொடுங்கள். பசையை எடுப்பதற்குப் பழைய வங்கி அட்டை, பருத்தித் துணி, மண்ணெண்ணெய் அல்லது சேர்ஜிக்கல் ஸ்பிரிட். பிளேட் வேண்டாம், கம்பிச் சுருள் வேண்டாம். துடைப்பதும் கோட்டின் திசையிலேயே. கடைசியாகச் சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவுங்கள், மண்ணெண்ணெயின் எண்ணெய்த் தன்மை தங்கினால் புதுத் தாள் பிடிக்காது.

அமோனியா அடித்தால் சுருக்காக வரும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், பசையை அது அரிக்கும். ஆனால் மூடிய வாகனத்துக்குள் அதை அடித்துவிட்டு உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த யாரிடமாவது கேளுங்கள், அந்த வாயு கண்ணையும் நெஞ்சையும் என்ன செய்யும் என்று சொல்வார்கள். தோல் சீற்றையும் பிளாஸ்டிக்கையும் அது கெடுக்கும். பாவிக்கத்தான் வேண்டுமென்றால் நான்கு கதவையும் திறந்து, கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். குளியலறை கழுவும் குளோரின் திரவம் இருந்த போத்தலில் அமோனியாவை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வரும் புகை நஞ்சு. தின்னரும் நகப்பூச்சு கழுவும் அசிட்டோனும் டேஷ்போர்டில் ஒரு துளி பட்டால் போதும், அந்த இடம் உருகிப் பால் நிறமாகிவிடும். பெற்றோலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, பக்கத்தில் ஹீட் கன் இருக்கிறது.

ஒரு கோடு அறுந்துவிட்டால் முழுக் கண்ணாடியையும் மாற்ற ஓடாதீர்கள். கோடுகள் எல்லாம் இரு பக்க ஓரப் பட்டிகளுக்கிடையில் தனித்தனியாகப் பொருத்தப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த ஒன்றுதான் வேலை செய்யாது. அறுந்த இடத்துக்குப் பூசும் வெள்ளி கலந்த மின்கடத்தும் பூச்சு சின்னக் குப்பியில் விற்கிறது. மேலும் கீழும் டேப் ஒட்டி, கோட்டின் அகலத்துக்கு இடம் விட்டுப் பூசி, காய விட்டால் ஓரிரு வெட்டுகளைச் சரிசெய்யலாம். ஆனால் ஓரப் பட்டியே போய்விட்டால், அல்லது எல்லாக் கோடும் வழித்துப் போய்விட்டால் அந்தக் குப்பியால் பலனில்லை.

பழைய வாகனம் வாங்கி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கீறல் விழுந்த கண்ணாடியையும் கோடு அறுந்த கண்ணாடியையும் மறைக்க அதன் மேல் புதுத் தாளை ஒட்டி நிறுத்துவது சில இடங்களில் நடக்கிறது. பொருளின் ஐபைத் தெரிந்துகொண்டே மூடி விற்பதற்கு நமது மார்க்கத்தில் இடமில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. வாங்குபவர்கள் டிமிஸ்டரைப் போட்டுப் பாருங்கள், கண்ணாடியை வெயிலுக்கு எதிரே சாய்வாகப் பாருங்கள்.

உரித்த அன்றே புதுத் தாள் ஒட்டலாமா என்று கேட்பார்கள். பசை முழுக்கப் போயிருந்தால் ஒட்டலாம். தண்ணீர் அடித்துப் பாருங்கள், சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாக இறங்கும், பசை இருக்கும் இடத்தில் உடைந்து தங்கும். ஒட்டிய பிறகு உள்ளே அகப்பட்ட ஈரத்தால் சில நாட்களுக்கு மங்கலாகத் தெரியும், சின்ன நீர்க்குமிழ்களும் இருக்கும். பயப்படத் தேவையில்லை, வெயிலில் அது தானாக வற்றும் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நான்கு நாட்களுக்கு ஷட்டரை இறக்கவும் வேண்டாம், டிமிஸ்டரைப் போடவும் வேண்டாம். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். சுவிட்சுகளின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அதில் எந்தத் திகதி வரை என்று பேனையால் எழுதி அனுப்புங்கள்.